பாட்டிலில் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்காக

ஜெசிந்தா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டியில் அவளுக்காகச் சீட் பிடித்து வைத்திருந்தேன். பக்கத்து இருக்கையில் என் பை. போனில் அவள் கணவர் ஆல்பர்ட். "கலா, ஜெசி எழுந்திரிக்கவே இல்லம்மா. டாக்டர் வந்து பாத்துட்டாரு." நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் "யாரும் வரலியா?" என்று கேட்டுவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்த பிறகுதான் இறங்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது.

அவளைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் சாவுக்கு வர முடியவில்லை என்று வருத்தப்பட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதுகிற தெம்பு இல்லை. ஆனாலும் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

அண்ணாமலை நகரில் அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பு வைக்க இடமில்லாத கூட்டம். பிறந்த ஊரான குடிகாட்டிலிருந்து அவளுடைய அக்கா பிலோமினா வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே, "அம்மாம் வருஷம் கெமிக்கல்லயே கைய வச்சிக்கினு இருந்தாளே, அது சும்மா வுடுமா?" என்றார். சுற்றி இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூக்கத்தில் மூளை ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றுதான் டாக்டர் சொன்னார். அவள் அப்பாவும் அப்படித்தான் போனார். அவர் துறைமுகத்தில் மீன் படகுகளுக்கு ஐஸ் விற்றவர். எந்தக் கெமிக்கல் அவரைக் கொன்றது? சாவு வீட்டில் இதையெல்லாம் கேட்க முடியாது.

கெமிக்கல் என்ற அந்தச் சொல் அவளை விட்டதே இல்லை. குடிகாடு, கடலூர் கெமிக்கல் எஸ்டேட்டுக்குப் பக்கத்து ஊர். காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்தி வளர்ந்தவர்கள். அந்த ஊர்ப் பெண் வேதியியல் படித்து, ஷாம்பு, கிரீம் தயாரிக்கிற கம்பெனியில் சேர்ந்தால் என்ன சொல்வார்கள்? ஊருக்குப் போகும்போது அவள் கொண்டுபோகிற சாம்பிள்களை யாரும் தொட மாட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திருப்பி எடுத்து வருவாள். "பேரு தெரியாததெல்லாம் கெமிக்கலு. பேரு தெரிஞ்சிட்டா மருந்து. வுடு கலா," என்பாள்.

நாங்கள் வேலை பார்த்தது கடலூரில் ஒரு சின்னக் கம்பெனி. சொந்தப் பெயரில் எதையும் விற்பதில்லை. நாங்கள் செய்து கொடுப்போம், வெளியூர்க்காரர்கள் தங்கள் லேபிளை ஒட்டி விற்பார்கள். எதில் எது எவ்வளவு என்று ஃபார்முலா போடுவது ஜெசி. அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது நான். ஒரே பஸ், ஒரே லேப், ஒரே சாப்பாட்டு மேஜை. சண்டைக்கும் குறைச்சல் இல்லை.

எல்லாக் கம்பெனியிலும் சுத்திகரித்த தண்ணீரில் நுரை பார்ப்பார்கள். ஜெசிக்கு அது போதாது. குடிகாட்டில் இறங்கி, அக்கா வீட்டு போர் பம்பில் ஒரு வெள்ளைக் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வருவாள். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் தண்ணீர். "என்னாம்மா, கேன்ல சரக்கா?" என்று கண்டக்டர் கேட்பார். "ஆமாங்க, உங்க வூட்டு ஷாம்புக்கு," என்பாள். அந்தத் தண்ணீரில் நுரைத்தால்தான் அவளுக்கு அது ஷாம்பு.

அவளுடைய இன்னொரு சோதனையைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரித்திருக்கிறார்கள். ஷாம்பு தீரும் தறுவாயில் நாம் என்ன செய்வோம்? பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்போம். நானும் செய்கிறேன், நீங்களும் செய்கிறீர்கள். தண்ணீர் சேர்ந்தால் கெடாமல் காக்கிற மருந்தும் நீர்த்துப்போகும், புளிப்பும் குறையும். பிறகு கிருமிக்குக் கொண்டாட்டம்தான். "புளிப்பு பத்தலன்னா ஊறுகாயே பூத்துப் போவுது, இது என்னா?" என்பாள். ஊறுகாய்க்குப் போடுகிற பென்சோயேட்டைத்தான் இதிலும் போடுவோம்; புளிப்பு இருந்தால்தான் அது வேலை செய்யும். அதனால் ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பாட்டிலை எடுத்து, பாதிக்குப் பாதி போர் தண்ணீர் ஊற்றி, கம்பெனி பாத்ரூம் அலமாரியில் புழுக்கத்தில் வைத்துவிடுவாள். பிறகு என்னிடம் கொடுப்பாள். அது கெட்டிருந்தால் ஃபார்முலா முதலிலிருந்து தொடங்கும்.

கைக்குழந்தைகளுக்கான குளியல் வாஷ் ஒன்று செய்யச் சொல்லி ஆர்டர் வந்தது. கெடாமல் இருக்க எதுவுமே போடக் கூடாது, லேபிளில் கெமிக்கல் இல்லை என்று எழுத வேண்டும் என்றார்கள். ஜெசி முடியாது என்றாள். முதலாளி கோபக்காரர். "பாட்டில்ல தண்ணி ஊத்தறது கஸ்டமர் தப்பும்மா. அதுக்கு நாம என்னா பண்றது?"

"தப்பு பண்ணாத அம்மா எங்க சார் இருக்கா? கண்ணு கூடத் தொறக்காத புள்ள சார் அது."

"முடியாதுன்னா சொல்லிடுங்க. வேற ஆளப் பாத்துக்கறேன்."

வேலை போனால் இந்த வயதில் வேறெங்கே போவாள்? நானாக இருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன்.

ஆர்டர் கொடுத்தவர்களுக்குக் காட்ட மருந்து போடாமல் செய்ய வைத்த சாம்பிள் பாட்டில்களை முதலாளி தன் வீட்டுக்கும் எடுத்துப் போயிருந்தார். அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். ஜெசி ஒருநாள் வாழைப்பழமும் பூவும் வாங்கிக்கொண்டு, பெண்ணைப் பார்க்கிற சாக்கில் போனாள். அந்த வீட்டு அம்மா அந்த வாஷைத் தான் கை கழுவுவதற்கு எடுத்து வைத்திருந்தார். "தீரப் போவுதும்மா, வீணாக்குவானேன்னு தண்ணி ஊத்திக் குலுக்கி வச்சிருக்கேன். பாப்பா பொறந்தா மொதல்ல இதுதான்," என்றாராம். ஜெசி அதை வாங்கி வந்து என்னிடம் கொடுத்தாள். அதில் ஒரு சொட்டைத் தட்டில் இட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தேன். தட்டு முழுக்கக் கிருமி, கோலப்புள்ளி வைக்கக்கூட இடமில்லை.

அந்தத் தட்டை மூடியோடு முதலாளி மேஜையில் வைத்தாள். "இது உங்க வூட்டு பாட்டில் சார். பாப்பா இன்னும் பொறக்கல. அதுக்குள்ள எடுத்தாந்துட்டேன்." அவர் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "போடுங்கம்மா," என்றார்.

மருந்து உள்ளே போயிற்று. ஆனால் லேபிளில், பச்சை இலைப் படத்துக்குக் கீழே, 'கெமிக்கல் கலப்பில்லை' என்றே அச்சாகி வந்தது. அதற்கும் சண்டை போட்டாள். லேபிள் வாங்குகிறவர் இஷ்டம் என்று முதலாளி கையை விரித்துவிட்டார். "உள்ள ஜெயிச்சிட்டேன், வெளியில தோத்துட்டேன் கலா. ரொம்ப ஓஞ்சி போயிட்டேன்," என்றாள். அந்த வாஷைச் செய்தது தான்தான் என்று வீட்டில்கூட அவள் சொல்லவில்லை. பொய் எழுதின பாட்டிலோடு தன் பேர் சேர வேண்டாமாம்.

அடக்கம் முடிந்து திரும்பினோம். கை கால் கழுவப் பின்பக்கம் போனேன். பிலோமினா அக்கா குழாயடியில் ஒரு பாட்டிலோடு நின்றார். அதே பச்சை இலை.

"இந்தா, இதப் போட்டுக் கழுவிக்க. பேத்திக்குன்னு எடுத்தாந்தேன். தீந்து போச்சின்னு நாந்தான் தண்ணி ஊத்தி வச்சிருக்கேன். இதுல கெமிக்கலே கெடையாது, ஜாஸ்தி வெல குடுத்து வாங்கறோம்."

கையில் ஊற்றினேன். பாதி தண்ணீர். அந்தக் குடிகாட்டு உப்புத் தண்ணீரிலும் நுரை வந்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அக்கா, இதச் செஞ்சதே ஜெசிதான்."

அவர் என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இதுல கெமிக்கல் கீதா?"

"இருக்குதுக்கா. நீங்க தண்ணி ஊத்துவீங்கன்னு அவளுக்குத் தெரியும். அதனாலதான் போட்டா."

அக்கா மூடியை இறுக்கித் திருகினார். முந்தானையால் பாட்டிலைத் துடைத்தார். எறிந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். உள்ளே போய், பேத்தியின் துணிப் பையில் அதைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். காலையில் அழுததைப் போல் இல்லை அது.

நான் புறப்படும்போது ஆல்பர்ட் அந்த வெள்ளைக் கேனை எடுத்து வந்து, "இது ஆபீஸ் சாமான்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். திங்கட்கிழமை குடிகாட்டில் இறங்கி நிரப்ப வேண்டும். பம்பை அக்கா அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கேனில் என்ன என்று கண்டக்டர் கேட்பார். நான்தான் பதில் சொல்ல வேண்டும்.