பாகுபலியின் ராச்சாப்பாடு

அறுபத்து நான்காம் வருஷம் செஞ்சிக் கடைவீதியில் ஒரு பேச்சு கிளம்பியது: மளிகைக்கடை அஜிததாஸ் வீட்டில் விளக்கு வைத்த பிறகு சாப்பிடுகிறார்களாம்.

வேறு வீடாக இருந்தால் இது செய்தியே இல்லை. அஜிததாஸ் சமணர். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் கையலம்பிவிட வேண்டிய குடும்பம். பேச்சு பஸ் ஏறும்போது வெறும் சோறாகத்தான் இருந்தது. வழியில் வெங்காய சாம்பார் ஆயிற்று. அமாவாசைக் கூட்டத்தோடு மேல்மலையனூரில் இறங்கும்போது ஆட்டுக்கறியாகிவிட்டது.

உண்மையா என்று அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போனால், அஜிததாஸின் வீட்டுச் சுவரில் கொண்டுபோய் முட்டுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருதயமேரி. பொய் சொல்லத் தெரியாத பெண்மணி. காதில் விழுந்ததை மட்டுமே சொன்னாள். அந்தி சாய்ந்ததும் தட்டில் கரண்டி விழும் சத்தம். பிறகு அஜிததாஸின் மனைவி பத்மினியின் குரல்: "வெள்ளரிக்கா ஜில்லுனு இருக்குதா? இன்னும் வேணுமா?"

சுவருக்கு இந்தப் பக்கம் கதை வேறு. பத்மினிக்குப் பத்து மாதத்தில் ஒரு பிள்ளை. காலில் கொடி படர்ந்ததுகூடத் தெரியாமல் நின்று தவம் செய்தவரின் பெயரைப் பக்தியோடு வைத்தார்கள்: பாகுபலி. இந்தப் பாகுபலி மேல் படர வேண்டுமென்றால் கொடி முதலில் ஓடிப் பழக வேண்டும். விளக்கு ஏற்றியதும் அழத் தொடங்குவான். கிலுகிலுப்பையைக் கொடுத்தால் வீசுவான். ஒருநாள் கழுவிக் கவிழ்த்திருந்த பித்தளைத் தட்டை இழுத்துத் தள்ளினான். அது சுழன்று சுழன்று அடங்கிய ஓசையில் அழுகையும் அடங்கியது.

அன்று முதல் சமையலறைதான் அவனுக்குத் திருவிழாக் கடை. தட்டு, கரண்டி, புளியங்கொட்டை போட்டு இறுக மூடிய டப்பா, தண்ணீர் வடிகட்டும் ஈரத்துணி, தேங்காய் நார், வெள்ளரிக்காய். ஒவ்வொன்றையும் தட்டுவான், தடவுவான், கன்னத்தில் வைத்துப் பார்ப்பான். பத்மினி பக்கத்திலேயே உட்கார்ந்து, இது ஜில்லு, இது சொரசொர என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பொழுதோடு சாப்பிட்டு முடிக்கிற வீடு என்பதால்தான் அந்த நேரத்தில் பாத்திரங்கள் சும்மா இருந்தன. மற்ற வீடுகளில் அப்போதுதான் உலை கொதிக்கும். ஒழுக்கம் போட்ட சத்தம் ஊர்க்காதில் வேறு மாதிரி விழுந்தது.

மேல்சித்தாமூரில் இருந்த அஜிததாஸின் அக்கா நீலாஞ்சனா காதிலும் விழுந்தது. பத்மினிக்கு அங்கேதான் பயம். பிள்ளையின் ஆண்டு நிறைவு நெருங்குகிறது. நீலாஞ்சனா கை நனைக்காத வீட்டில் சொந்தத்தில் ஒருவரும் கை நனைக்க மாட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கினாள் நீலாஞ்சனா.

"சாப்டுங்க அண்ணி, பொழுது சாயுது."

"எனக்குப் பசிக்கல. நீங்க சாப்டுங்க. உங்களுக்கு இன்னா, எப்ப வேணும்னாலும் சாப்டுவீங்களாமே."

அஜிததாஸ் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, கடையில் ஆளில்லை என்று நழுவினான். பத்மினி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தபடி யோசித்தாள். தட்டைக் கொடுத்தால் சாட்சியாகும். கொடுக்காவிட்டால் பிள்ளை தெருவைக் கூட்டுவான்.

விளக்கு வைத்ததும் பாகுபலி அவளைக் கேட்காமலே முடிவெடுத்தான். தட்டு கணீரென்றது. சுவருக்கு அப்பாலிருந்து உடனே குரல் வந்தது.

"பத்மினி, இன்னிக்கி இன்னா கொழம்பு?"

நீலாஞ்சனா விருட்டென்று சமையலறைக்குள் போனாள். ஒரு கையில் கரண்டி, கன்னத்தில் வெள்ளரிக்காய், மடியில் தேங்காய் நார் என்று உட்கார்ந்திருந்தான் மருமகன்.

"இதுதானா அந்த விருந்து?"

பத்மினி தலையாட்டினாள். பாகுபலி ஈரத்துணியை எடுத்து அத்தையின் முகத்தில் அப்பினான். அவள் திடுக்கிட்டது அவனுக்குப் பிடித்துவிட்டது, மறுபடி அப்பினான். நீலாஞ்சனா தரையில் உட்கார்ந்து, கரண்டியை வாங்கி, தட்டில் ஒரு போடு போட்டாள். பிறகு சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"நாத்தனார்க்காரி வந்துக்கிறேன். தேங்கா நாரு கூட்டு, துணி வறுவல். வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போம்மா."

இருதயமேரி ஓடி வந்து பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் சத்தம் கேக்குதுன்னுதான் சொன்னேன். சோறுன்னு ஒரு வார்த்த சொல்லல."

"அப்ப கறி?"

"அது பஸ்ஸுல ஆயிருக்கும்."

அப்போது நீலாஞ்சனாவின் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டது. பத்மினி ஜன்னலைப் பார்த்தாள். நன்றாக இருட்டியிருந்தது.

"மத்தியானமே பசிச்சுதா அண்ணி?"

"வாய மூடு."

மறுநாளின் முதல் பஸ் சூரியன் உதிக்கும் முன்னே கிளம்பியது. அதனால் காலையிலும் வாயில் எதுவும் வைக்க முடியவில்லை. "ஆண்டு நெறைவுக்கு ரெண்டு சாப்பாடா சாப்ட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள் நீலாஞ்சனா.

சொன்னபடி வந்தாள், பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தாள், சொந்தமெல்லாம் கை நனைத்தது. ஆனால் ஒரு சாப்பாட்டோடு எழுந்துவிட்டாள். இன்னொன்று பாக்கி நிற்கிறது என்கிறாள் பத்மினி. நீலாஞ்சனாவோ, பாயசம் ரெண்டு தரம் வாங்கினேனே, அதில் கழிந்துவிட்டது என்கிறாள். பத்மினி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.