அந்தோணியாருக்கு நான் போட்ட ஜாமீன்

மூன்றாம் வகுப்புக்கு மேல் எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் நான் கட்டியவற்றைக் கேளுங்கள். காயலான் கடையில் கிடந்த ஒரு சட்டத்தையும் வெவ்வேறு வண்டிகளின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்து ஒரு சைக்கிள் கட்டினேன். பத்து வருஷத்தில் அந்த ஒற்றைச் சைக்கிள் இருபத்தாறு வாடகை சைக்கிளாகப் பெருகியது. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் இருந்த என் கடையைத் தெரியாதவன் அந்தக் காலத்தில் கால் இல்லாதவனாகத்தான் இருக்க வேண்டும். பாறை என்று மூன்று பேர் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டினேன். தண்ணீர் வந்தது. உப்புத் தண்ணீர்தான், ஆனால் வந்தது. மாவு மில் வைத்தேன். ஓட்டு வீடு கட்டி, அதை இடித்து மாடி வீடு கட்டினேன். அதில் ஒரு படி உயரமாகவும் ஒரு படி குட்டையாகவும் இருக்கும். அது கொத்தனார் பிழை, என் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊர்க் கோயில் வாசலில் இருக்கும் கெபிக்கு, அதாவது அந்தோணியார் சிலை நிற்கிற குகை மாடத்துக்கு, கம்பி வளைத்துக் கட்டியதும் இந்தக் கைதான்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாமல் நான் கட்டியது ஒன்று உண்டு. அது ஒரு புதுமை. மற்றவர்கள் அற்புதம் என்பதை வேதக்காரர்களான, அதாவது கிறிஸ்தவர்களான, நாங்கள் புதுமை என்போம்.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய புதிது. அறுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்திருந்த சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் எங்களைப் பிடித்து உலுக்கினார். "குழம்பு மிஞ்சினா அடுத்த வீட்டுக்குக் குடுக்கிறீங்க. விசுவாசத்தை மட்டும் ஏன் பெட்டியில வச்சுப் பூட்டுறீங்க? வாங்கின நன்மைக்கு வாய்விட்டு நன்றி சொல்லுங்க. யாருக்குச் சொல்றேன்னு பக்கத்துல இருக்கிறவன் கேப்பான். அப்பச் சொல்லுங்க" என்றார். எனக்கு உடனே பிடித்துப் போயிற்று. வாய்விட்டுச் சொல்வது என் தொழில். பக்கத்தில் இருப்பவன் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாரமே ஆள் வந்து சேர்ந்தார். என் கடைக்கு எதிரே வயல் வைத்து விவசாயம் பார்த்த சம்சாரி அவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கிற குடும்பம். என்னைக் கிண்டல் செய்யாமல் ஒரு நாளும் கடையைத் தாண்ட மாட்டார். அன்றைக்குக் கிண்டல் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"என்னண்ணே, ஒரு மாதிரியா இருக்கீக?"

"செவலையக் காணோம் தம்பி. நேத்து விடியக்காலம் கயித்தை அறுத்துக்கிட்டுப் போயிருச்சு. மாடு அடைக்கிற பவுண்டுல பாத்துட்டேன், கண்மாய்க் கரையெல்லாம் பாத்துட்டேன்."

செவலை அவருடைய உழவு ஜோடியில் ஒரு காளை. ஆடியில் சந்தையில் தரகர் மூலம் வாங்கியது. அந்த வருஷம் மழை ஏமாற்றிக்கொண்டே இருந்துவிட்டு, முந்தின நாள் ராத்திரிதான் கொட்டித் தீர்த்திருந்தது. ஈரம் ஒரு வாரம் நிற்கும். அதற்குள் உழுது விதைக்காவிட்டால் அந்த வருஷம் அவர் வீட்டுக் குதிரில் நெல் இல்லை. எல்லோர் மாடும் அவரவர் வயலில் இருக்கும்போது யார் இரவல் தருவார்கள்? ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு அவர் எதிர் வயலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சாமியார் பிரசங்கம் எனக்குள் எழுந்து நின்றது. "அண்ணே, எங்க அந்தோணியாரு காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறதுல கெட்டிக்காரரு. செவ்வாக்கெழமை அவருக்கு நவநாளு செபம். சாயங்காலம் வந்து ஒரு மெழுகுதிரி ஏத்துங்க. மாடு வந்துரும்."

"வராட்டி?"

"வரும்ணே. அவருக்கு நான் ஜாமீன்."

அவர் போன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கே உறைத்தது. உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி சும்மா விடவில்லை.

"சாமிக்கே ஜாமீன் போட்ட மொத ஆளு நீகதான். செவ்வாக்கெழமை மாடு வரலைன்னா அந்தோணியாரு மொகத்துல எப்பிடி முழிப்பீக?"

நான் அந்தோணியாரை நம்பாதவன் இல்லை. ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கு நாலே நாள். அவருக்கு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. கொஞ்சம் கைகொடுத்தால் தப்பில்லை என்று நினைத்தேன். என்னிடம் இருபத்தாறு சைக்கிள் இருந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்குப் போய்வருவது. சைக்கிள் எடுக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: "செவலைக் காளை. நெத்தியில வெள்ளை, இடது கொம்பு நுனி மொக்கை. பாத்துட்டு வந்து சொல்றவனுக்கு ஒரு வாரம் வண்டி சும்மா." சாக்கோட்டைப் பக்கம் போனவர்கள், சிவகங்கை சாலையில் போனவர்கள், பெண் பார்க்கப் போனவர்கள்கூடத் தேடினார்கள். அப்படிப் போன ஒருவர், பெண்ணைவிட மாட்டுக்கொட்டகையைத்தான் அதிகம் பார்த்தார் என்று பிறகு புகார் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், அலுமினியப் பாத்திரம் விற்கிறவர் என் சைக்கிளோடு நிற்கிறார். தேவகோட்டையைத் தாண்டி அங்குட்டு ஒரு சின்ன ஊரில், ஒரு வீட்டு வாசலில் அந்த அடையாளத்தோடு ஒரு காளை கட்டிக் கிடக்கிறது என்றார். திங்கட்கிழமை சைக்கிளை மிதித்தேன். பன்னிரண்டு மைல்.

அது செவலை பிறந்து வளர்ந்த வீடு. ஆடியில் அதை விற்ற வீட்டுக்குத் தானாக நடந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்காரரும் அவர் மனைவியும் அதைக் கட்டிப்போட்டு, தேடிவருகிற ஆளுக்காகக் காத்திருந்தார்கள். யார் வாங்கினார் என்பது அவர்களுக்கும் தெரியாது, தரகருக்கு மட்டுமே தெரியும்.

"உங்களை ஆரு அனுப்புனது?" என்றார் வீட்டுக்காரர்.

"அந்தோணியாரு."

"அவரு எந்தச் சந்தைத் தரகரு?"

"தரகரு இல்லைங்க, எங்க சாமி."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சாமி அனுப்பிச்சிருந்தா நீக ஏன் இம்புட்டு வேர்க்க விறுவிறுக்க சைக்கிள் மிதிச்சு வாரீக?"

நான் ஒளிக்காமல் சொன்னேன்: ஈரம் காய்கிறது, ஒரு மனிதர் ஒற்றை மாட்டோடு உட்கார்ந்திருக்கிறார் என்று. அந்த அம்மாள் எழுந்துபோய் ஊறவைத்த பருத்திக்கொட்டையை அரைத்துக் கொண்டுவந்து மாட்டுக்கு வைத்தாள். "வித்துட்டு மூணு நாளு நான் அடுப்புப் பத்த வைக்கலை. சரி, உழவுக்குன்னா கூட்டிட்டுப் போங்க. நம்ம வீட்டுல வச்சு என்ன செய்ய" என்றாள். அன்று எனக்கும் சோறு போட்டு அங்கேயே படுக்கச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் புறப்பட்டேன். ஒரு கையில் சைக்கிள், ஒரு கையில் காளை. இரண்டையும் சேர்த்து நடத்திப் பார்த்தவனுக்குத்தான் அந்தப் பாடு புரியும். மணி அடித்தால் மாடு நிற்கும், அடிக்காவிட்டால் எதிரே வருகிற வண்டி நிற்காது. வழியெல்லாம் தெரிந்த முகம். "என்னப்பா, இப்ப மாடும் வாடகைக்கு விடுறியா?" என்று ஒருவர். "சைக்கிள் பஞ்சரா, மாடு பஞ்சரா?" என்று இன்னொருவர். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் செய்தி எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

நேரே சம்சாரி வீட்டுக்கு ஓட்டிப் போயிருக்கலாம். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஊரைச் சுற்றிக்கொண்டு பின்வழியாகக் கோயிலுக்குப் போய், கெபிக்கு முன்னால் கொடிமரத்தில் மாட்டைக் கட்டிவிட்டு, வீட்டில் போய்க் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி நவநாளுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் அலறினார். "ஆரு மாடு இது? அந்தோணியாரு மாலையைத் திங்குது!"

அந்த நேரம் பார்த்து சம்சாரி மெழுகுதிரியோடு வாசலுக்குள் வந்தார். மாட்டைப் பார்த்தார். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார். எழுந்து, மாட்டின் கழுத்தில் கட்டியிருந்ததை அவிழ்த்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, துண்டை அதன் கழுத்தில் போட்டு ஓட்டிப் போனார். மறுநாள் காலை அவர் வயலில் ஏர் ஓடியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு வந்தார். புது மாலை, மெழுகுதிரிக் கட்டு, பெரிய பானை நிறையச் சர்க்கரைப் பொங்கல். எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறினார். அந்தோணியாருக்கு நன்றி சொன்னார். சாமியாருக்குச் சொன்னார். மாலை போனதற்காக உபதேசியாருக்குச் சொன்னார். மாட்டுக்குக்கூடச் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. சாமியாரோ, "பாருங்க, நன்றின்னா இது" என்று அவரை எங்களுக்கெல்லாம் முன்மாதிரியாக்கிவிட்டார். எனக்குப் பொங்கல் இறங்கவில்லை.

"வாயைத் தொறந்தீகன்னா அந்தோணியாரு பேரு போச்சு. மூடிக்கிட்டு இருங்க" என்றாள் வீட்டுக்காரி. இன்னும் நான்கு நாள் மூடிக்கொண்டிருந்தேன். அதுவரை அவ்வளவு நாள் இருந்ததில்லை. சனிக்கிழமை, பாவத்தைச் சாமியாரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போட்டேன்.

"சாமி, நான் ஒரு புதுமை செஞ்சுட்டேன்."

முழுவதையும் சொன்னேன். தட்டிக்கு அந்தப்பக்கம் சாமியார் வெகுநேரம் இருமினார். அது இருமல்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். கடைசியில் சொன்னார்: "அபராதமா செபம் ஒண்ணும் வேண்டாம். அந்த மனுஷர்கிட்டப் போய் உண்மையைச் சொல்லு. பெருமையா சொல்லாதே, மன்னிப்பாக் கேளு."

போனேன். வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வயலில் முளை அப்போதுதான் தலைகாட்டியிருந்தது.

"அண்ணே, செவலை தானா வரலை. நான்தான் ஓட்டியாந்து கட்டினேன். ஏமாத்திட்டேன், மன்னிச்சுக்கங்க."

அவர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு மடியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். பழைய சைக்கிள் டியூப். வழியில் கயிறு அறுந்தபோது நான் முடிச்சுப் போட்டது. அவசரத்தில் மறந்தே போயிருந்தேன்.

"அந்தோணியாரு பஞ்சர் கடை வச்சிருக்காருன்னு அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

"தெரிஞ்சுமா அவருக்கு அம்புட்டு நன்றி சொன்னீக? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே?"

"ஏண்டா, உன்னைய இருபது வருசமாப் பாக்குறேன். ஒரு ஆணி அடிச்சாலும் ஊருக்கே தண்டோராப் போடுறவன். வழியில பாத்தவுக சொன்னாக, உன்னையப் பன்னெண்டு மைலு வாயை மூடிக்கிட்டு நடக்க வச்சிருக்காரு. அது புதுமை இல்லாம வேற என்ன? அவருக்குச் சொல்லாம ஆருக்குச் சொல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு, உண்மையைச் சொல்கிறேன், கண்ணும் கலங்கியது. விசுவாசத்தைப் பகிர்ந்துகொடுக்கப் போனவன் நான். பெற்றுக்கொண்டு திரும்பியவனும் நான்தான்.

தையில் புது நெல் வந்ததும் நாங்கள் இருவரும் ஒரு மூட்டையை வண்டியில் போட்டு, செவலையையே பூட்டிக்கொண்டு, தேவகோட்டைக்கு அங்குட்டு அந்த வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாள் மாட்டைத்தான் முதலில் வா என்றாள். அதன் பிறகு வருஷா வருஷம் அந்தோணியார் திருவிழாவுக்கு அவர்களும் வந்தார்கள். சம்சாரி கடைசிவரை ஐயனாருக்குக் குதிரையும் எடுத்தார், செவ்வாய்தோறும் எங்களுக்கு முன்னால் வந்து மெழுகுதிரியும் ஏற்றினார். எழுபதுகளில் கெபிக்குப் பக்கத்தில், வழியில் போகிற மாடுகள் குடிக்க ஒரு கல்தொட்டி செய்து வைத்தார். அதில் "அந்தோணியாருக்கு நன்றி" என்று வெட்டச் சொன்னார். இன்றும் தண்ணீர் நிற்கிறது.

இப்போது கெபியைப் புதுப்பிக்கப் போகிறார்களாம், தொட்டி எழுத்தையும் புதிதாக வெட்டப் போகிறார்களாம். கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவையாருக்கு இதன் மூலம் நான் தெரிவித்துக்கொள்வது: அந்தோணியார் பெயர் மேலேயே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும். "மாட்டை ஓட்டிவந்தவர் சைக்கிள் கடைக்காரர், நடந்தே." கிழக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. நூல் பிடித்து அளந்துவிட்டேன்.