கிணற்றைப் பூட்டிய கொள்ளைக்கூட்டம்

என் பெரியப்பாவை நான் ஒரு விளையாட்டில் கொள்ளைக்காரனாக்கினேன். அரியாலையில் எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான பங்குக் கிணற்றுக்கு அவர் பூட்டுப் போட்ட வருடம் அது. அம்மா தெருக்கோடியிலிருந்து குடம் சுமந்தாள்.

லண்டனிலிருந்து மாமா ஒரு கதை விளையாட்டு அனுப்பியிருந்தார். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரர்களாகிப் பகடை உருட்டிச் சண்டை போடவேண்டும். நடத்துபவள் நான். புத்தகத்தில் இருந்த பூதங்கள் எனக்குப் போதவில்லை. பாலைவனக் கிணறொன்றைப் பிடித்துவைத்த ஐந்து மனிதர்களை உருவாக்கினேன். தலைவனுக்குப் பெரியப்பாவின் செருமலையும், சாவியை ஆட்டி ஆட்டிப் பேசும் பழக்கத்தையும் கொடுத்தேன். மற்ற நால்வர், அவருக்குத் தலையாட்டிய எங்கள் சொந்தக்காரர். வீரர்களாக விளையாடிய சிநேகிதிகள் அந்த ஐவர்மேல் பல்லைக் கடித்தார்கள்.

ஒரு பின்னேரம் பெரியப்பாவின் மகள் மாலா அக்காவை வேண்டுமென்றே விளையாடக் கூப்பிட்டேன். தகப்பன் சாவதை அவள் பார்க்கவேண்டும். நான் செருமி, அலுமாரிச் சாவியை ஆட்டியதும் அவள் முகம் மாறியது.

"உது எங்கடை அப்பா எல்லோ?"

"ஓம்," என்றேன். அழுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் பகடையை எடுத்தாள். "அப்ப நான்தான் வெட்டுவன். எனக்கு வந்த கடிதமெல்லாத்தையும் எரிச்ச மனுசன்."

அவளுக்குப் பெரிய எண் விழுந்தது. தலைவன் தப்புவானா என்று நான் புத்தகத்துக்குப் பின்னால் மறைத்து உருட்டினேன். விழுந்த எண்ணின்படி அவன் செத்திருக்கவேண்டும்.

"தப்பிட்டான்," என்று பொய் சொன்னேன்.

பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட மாலா அக்கா, நான் இரங்கினேன் என்று இன்றும் நினைக்கிறாள். இரக்கமில்லை. அவரை வெட்டுவதில் அவளுக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சாவி அப்போதும் என் கையில்தான் ஆடிக்கொண்டிருந்தது.