பார்க்கிற வெயில்

லண்டனில் மாரிகாலத்தில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. அறையைச் சூடாக்கும் றேடியேற்றரின் மேல் வைத்து, இளகும்வரை காத்திருந்துதான் பிள்ளைக்குப் பூச வேண்டும். எண்ணெய்க்கே இந்தக் கதியென்றால் பெற்றெழும்பியவளுக்குச் சொல்லவா வேண்டும்? எண்பதுகளின் கடைசியில், மனோர் பார்க்கில், ஒரு மேல் அறையில் கைக்குழந்தையோடு அடைபட்டுக் கிடந்தபோது அந்தப் போத்தலும் நானும் ஒரே கட்சி. இருவருக்கும் வசந்தம் வேண்டியிருந்தது. வசந்தம் இந்த ஊரில் ஒரு மந்திரியைப் போல. வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார் என்று தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர் பல்லைக் காட்டுவார். மறுநாள் ஆலங்கட்டி விழும்.

எனக்கோ அவசரம். மகளின் கண்ணும் தோலும் மஞ்சளித்திருந்தன. வீட்டுக்கு வந்து பார்த்த தாதி, தானாகத் தெளிந்துவிடும், வெளிச்சம் படும்படி யன்னலோரம் கிடத்து என்றாள். எந்த வெளிச்சம் என்று கேட்க அப்போது என்னிடம் ஆங்கிலம் இல்லை. யாழ்ப்பாணத்தில் அக்காவின் பிள்ளைக்கும் இப்படித்தான் மஞ்சளித்தது. எண்ணெய் பூசி, காலை இளவெயிலில் கிடத்தினோம், தெளிந்தது. வெயிலுக்கு அங்கே ஒருவரும் நன்றி சொன்னதில்லை, திட்டத்தான் செய்தோம். இங்கே, லண்டனின் மறுகோடியிலுள்ள மிச்சம் என்ற ஊரிலிருந்து பிள்ளை பார்க்க வந்த என் கணவரின் தமக்கை அந்த மஞ்சளைக் கண்டு பூரித்துப்போனார்.

"நல்ல நிறமடி. லண்டன் பிள்ளையெல்லோ. வெயிலுக்கை கொண்டுபோய்க் கறுக்க வைச்சிடாதை."

"இது வருத்தம், மச்சாள். மஞ்சள்காமாலை."

"உனக்கு எல்லாம் வருத்தந்தான்."

வந்த சனமெல்லாம் இதையே சொன்னது. வருத்தக்காரப் பிள்ளையைச் சுற்றி நின்று, கேக் தின்று, நிறத்தைப் புகழ்ந்தார்கள். நாட்டைவிட்டு ஓடிவந்த வழியில் பாஸ்போர்ட்டைக்கூடக் கிழித்தெறிந்தவர்கள், இந்த நிற ஆசையை மட்டும் கசங்காமல் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

மாசியில் ஒரு காலை திரைச்சீலையை விலக்கினால் கண் கூசியது. முகிலே இல்லாத நீலம். கணவர் பெற்றோல் நிலையத்தில் ஷிப்டுக்குப் போயிருந்தார். மறிக்க ஆளில்லை. இளகிய எண்ணெயை மகளின் உடம்பெல்லாம் பூசி, துவாயில் சுற்றிக்கொண்டு பின்வளவுக்கு இறங்கினேன். சீமெந்துத் தரையில் தடித்த போர்வையை விரித்து, துவாயை விலக்கி, வெயில் நடுவே கிடத்தினேன். அவள் அழத் தொடங்கினாள். கோட்டுக்குள் நின்ற எனக்கு முகத்தில் மட்டும் குளிர்ந்தது. கொஞ்சத்தில் வெயில் ஏறிவிடும் என்றிருந்தேன். வெயிலென்றால் சூடு. அதைத் தொட்டுப் பார்த்து நம்ப வேண்டும் என்று எந்த யாழ்ப்பாணத்தாளுக்குத் தோன்றும்?

பக்கத்து வீட்டுக் கிழவி டோரீன் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எலும்பு நடுங்கும் நாளிலும் "லவ்லி டே" என்பவள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எண்ணெயில் மினுங்கிய மகளைக் கண்டு, பிள்ளையைப் பொரிக்கப் போகிறாயா என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதுதான் மகளின் அழுகை நின்றது. உதடு நீலம் பாரித்திருந்தது.

டோரீன் சிரிப்பை விட்டாள். "தா இங்கே," என்று வேலிக்கு மேலால் கையை நீட்டினாள். எண்ணெயும் பிள்ளையுமாக வாங்கித் தன் கம்பளிச் சட்டைக்குள், நெஞ்சோடு அணைத்துப் பொத்தானைப் பூட்டினாள். மகள் வீறிட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"இது பார்க்கிற வெயில், கண்ணே," என்றாள். "காய்கிற வெயில் ஏப்ரலில்தான்."

பார்க்கிற வெயில்! நம்மவர் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்திருக்கும், ஒருநாளும் தேநீர் ஊற்றாத கோப்பைகளைப் போல, இந்த நாடு தன் சூரியனையும் காட்சிக்கு வைத்திருக்கிறது. அதற்கு "லவ்லி டே" என்று பாராட்டு வேறு.

மஞ்சள் அந்த இருட்டு அறையிலேயே தானாகப் போனது. அடுத்த முறை வந்த மச்சாள், சாவீட்டுக்கு வந்தவர் போல மகளின் கன்னத்தைத் தடவினார். "கறுத்துப்போச்சு. நான் சொன்னனான்."

கடைசியில் ஏப்ரலும் வந்தது. மகளைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கொண்டுபோனேன். அத்தனை நாள் அவளுக்காக நான் காத்திருந்த வெயில் முகத்தில் பட்டதும் அவள் கண்ணை இறுக்கிக்கொண்டு கத்தினாள். வண்டியின் முன்பாதியை ஒரு சுவரின் நிழலுக்குள் தள்ளினேன். குளிர்காற்று அடித்தது, அவள் சுகமாக நித்திரையானாள். கைபிடியைப் பிடித்தபடி, கோட்டைக் கழற்றிவிட்டு, நான் வெயிலில் நின்றேன்.