சொக்கம்மாள் மதினி கம்ப்யூட்டர் பார்த்த நாள்

என் அண்ணன் குத்தாலிங்கத்தின் மனைவி சொக்கம்மாள், தென்காசி சன்னதித் தெருவில் ஒரு மாடியில் தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணின் பெயரில் பலகை தொங்கிய முதல் இடம் அது. 1988 ஆடியில் அங்கே நடந்ததை, உடனிருந்து கண்டவன் என்ற முறையில் பதிகிறேன்.

மாணவர்கள் கம்ப்யூட்டர் படிக்கத் திருநெல்வேலிக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். மதினியின் பள்ளியில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டிருந்தன. அப்போதுதான், கொல்லத்தில் பழைய சாமான் வாங்கி இங்கே விற்கும் புளியறை அய்யாத்துரை ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். திரை, விசைப்பலகை, பிளாப்பி போடும் துளை எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கியது. புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்டார். அதற்கே மதினி தம் ஆறு தட்டச்சுப் பொறிகளில் நான்கை விற்றாக வேண்டும். பெட்டி பழுதானால் பள்ளியையே மூட நேரும்.

"வாங்கிப் போடுட்டி. இந்த விலைக்கு யாரு தருவா?" என்றார் அண்ணன்.

"அதத்தான் நானும் கேக்கேன். யாரு தருவா?"

அய்யாத்துரை ஒற்றை விரலால் தம் பெயரை அடித்துக் காட்டினார். பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றின.

"ஏன் விக்காங்க?" என்றார் மதினி.

"முந்திரிக் கம்பெனிக்காரன் பெருசா ஒண்ணு வாங்கிட்டான், டீச்சர்."

"எந்தக் கம்பெனி?"

"பேரு வாயில நிக்க மாட்டேங்குது."

"உள்ள என்ன கரகரங்குது?"

"ஃபேன் சுத்துது. சந்தேகம் உங்க கூடப்பிறந்ததா, டீச்சர்?"

மதினி நாற்காலியில் அமர்ந்தார். மாணவர்களுக்கு விதித்த முறைப்படியே, கண்ணைப் பார்த்தடிக்கும் பிரதித் தாளில் மட்டும் வைத்து அடிக்கத் தொடங்கினார். வரி முடிந்ததும், பல்லாண்டுப் பழக்கத்தால் அவருடைய இடக்கை, பொறியின் உருளையைத் தள்ளும் நெம்புகோலைத் தேடி வீசியது. நெம்புகோல் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டியின் மூலை இருந்தது. அந்த அடியில் பக்க மூடி கழன்று தரையில் விழுந்தது. திருகாணி ஒன்றுகூட இல்லை. பசைதான் அதைப் பிடித்திருந்தது.

"என் தப்புதான்" என்று கூச்சத்தோடு குனிந்தவர் அப்படியே நின்றார். உள்ளே, மின்சுற்றுப் பலகையின் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு ஓடியது. அதற்குக் கீழே எல்லாம் துருவேறியிருந்தது.

"தூசி, டீச்சர்."

"தூசி இப்படி ஒரே மட்டத்துலயா நிக்கும்?" மதினி சுரண்டினார், விரலில் காய்ந்த சேறு வந்தது.

"குத்தாலத்துல குளிச்சிட்டு வந்திருக்கு போல" என்றார், அதுவரை வாங்கச் சொன்ன அண்ணன்.

"சொன்னதுல பாதி கொடுங்க போதும். ஓடுதுல்லா?" என்றார் அய்யாத்துரை.

ஓடத்தான் செய்தது; மதினி அடித்த வரி திரையில் பிழையின்றி நின்றது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"ஓடுது, அண்ணாச்சி. ஆனா நீங்க விலையக் குறைக்கக் குறைக்க எனக்குப் பயம் கூடுது."

அய்யாத்துரை மூடியை அழுத்திப் பொருத்தி, பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். பொறிகளை விலைபேச வரவிருந்தவருக்கு அண்ணன் ஆளனுப்பி, வரவேண்டாம் என்றார். அதன் பிறகும் பெஞ்சுகள் காலியாவது நிற்கவில்லை. ஆனால் அன்று மாலை வகுப்பில் ஆறு பொறிகளும் ஓசையிட்டன.