முன் சீட்டு மரியாதை

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். இன்றைக்கு மரக்காணத்தில் உப்பு ஏற்ற லாரி வேண்டுமென்றால் என் வாசலுக்குத்தான் வரவேண்டும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், சும்மா வந்ததில்லை இதெல்லாம். என் லாரி ஒவ்வொன்றின் பின்பக்கமும் தாழ்வாக ஒரு இரும்புக் குழாய் கட்டி, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன். கார் வந்து மோதினாலும் அடியில் நுழையக்கூடாது. மற்ற லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் என் காதுகுத்துக்கு வந்தவர்களில்லை.

கடல் பொங்கியதற்கு அடுத்த வருஷம் அது. வேண்டுதல் தள்ளிக்கொண்டே போய், எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது. கூனிமேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குலசாமி கோயிலுக்குப் போக, அப்பா ஒரு அம்பாசடர் காரை வாடகைக்குப் பிடித்தார். முன் சீட்டு எனக்குத்தான் என்று தெருப் பிள்ளைகளிடமெல்லாம் முந்தின நாளே சொல்லிவிட்டேன்.

காலையில் பார்த்தால், அது தாய்மாமனுக்கு என்றார் அப்பா. மாமா உப்பளத்தில் மூட்டை சுமப்பவர். பலகையில் ஏறி லாரிக்கு லோடு போடுவதில் அவரை அடிக்க ஆளில்லை. நல்ல உயரம், நீண்ட கால்கள்.

"நான் பின்னாடி குந்திக்கிறேன் மச்சான். பாப்பா ஆசப்படுது."

"நல்லா இருக்குதே! மாமன மூட்ட மாரி பின்னாடி போட்டு இட்டாந்தான்னு பேசுவானுங்க. ஏறுப்பா முன்னாடி."

மாமா ஏறினார். முழங்கால் இரண்டும் எதிர்த் தகரத்தில் முட்டின. "காரு எனக்குப் பத்தலியே" என்று சிரித்தார். நான் பின்னால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

விடிந்தும் விடியாத நேரம். அனுமந்தை தாண்டியதும், உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பஞ்சராகிப் பாதி ரோட்டை அடைத்து நின்றது. பின் விளக்கு கிடையாது. வண்டி நின்றால் தழை ஒடித்துப் பின்னால் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். போட்டுத்தான் இருந்தார்கள், நல்ல பூவரசந்தழை. ஆடு சும்மா விடுமா? மிச்சம் கிடந்த குச்சி யார் கண்ணுக்குத் தெரியும்?

டிரைவர் வலது பக்கம் ஒடித்தார். காரின் இடது பக்கம் மட்டும் லாரிக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. எனக்கு நெற்றியில் வீக்கம். அம்மாவுக்கு உதடு கிழிந்தது. மாமாவின் முழங்கால்மேல் காரின் முன்பக்கமே வந்து உட்கார்ந்திருந்தது. கிழிந்த மூட்டையிலிருந்து உப்பு, உடைந்த கண்ணாடி வழியாக அவர் மடியில் கொட்டிக்கொண்டே இருந்தது.

"ஏத்துனதும் நான்தான், எறக்கறதும் நான்தான் போல" என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் சிரித்தேன். அப்பா ஏன் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார் என்று தெரியவில்லை. கூனிமேட்டு பாய் ஒருவர்தான் மாமாவைத் தன் வேனில் போட்டுப் பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

காதுகுத்து பல மாதம் கழித்து எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது. தாய்மாமன் என்றால் பாயில் சம்மணம் போட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வதுதான் முறை. என் மாமாவுக்கு மட்டும் நாற்காலி. அப்பாவே அதைக் கொண்டுவந்து போட்டு, கையைப் பிடித்து உட்கார வைத்தார். மாமா இடது காலை நேராக நீட்டிக்கொண்டு, வலது தொடையில் என்னை ஏற்றிக்கொண்டார். அப்பா கீழே, அந்த நீட்டிய காலுக்குப் பக்கத்தில், தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

ஊரே தரையில் உட்கார்ந்திருக்க, என் மாமா மட்டும் ராஜா மாதிரி! குத்திய வலியிலும் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினேன்: "பாத்தீங்களாடி, எங்க மாமாவுக்குத்தான் சேரு!"

மாமா என் காதைத் துடைத்தபடி, "ஆமாண்டி கண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மூட்டை தூக்கப் போகவில்லை. மாமா பெரிய மனுஷனாகிவிட்டார், இனிமேல் அந்த வேலையெல்லாம் செய்யமாட்டார் என்று, அதையும் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.