ரைட்டரின் குரலுக்குப் பழகிய கதை

காயப்போட்ட காப்பிக்கொட்டை நனைந்ததற்கு நான்தான் காரணம் என்று எஸ்டேட் ரைட்டர் முதலாளியிடம் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காப்பி காயவைக்கும் களத்தைப் பார்த்துக்கொள்வது அப்போது என் வேலை. அன்று காலையில் மேகம் கூடியதும், தார்ப்பாய் போட்டு மூடிவிடலாமா என்று, எங்களை வேலை வாங்கிக் கணக்கெழுதும் ரைட்டரிடம் கேட்டிருந்தேன். வெயில் வரும், தொடாதே என்று சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏற்காட்டுக்குப் போய்விட்டார். அரை மணியில் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் மூன்று பெண்கள் ஓடி ஓடி மூடியும் பாதிக்களம் நனைந்துவிட்டது.

மறுநாள் முதலாளி வந்து நிற்க, எல்லார் முன்னாலும் ரைட்டர் என்னைப் பார்த்துக் கத்தினார். என் தொண்டை அடைத்தது, கை நடுங்கியது, காதுக்குள் இரைச்சல். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நடுக்கத்தைக் குற்றம் செய்தவளின் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டார். அன்றே களத்திலிருந்து எடுத்து என்னைப் பழம் பறிக்க அனுப்பினார்கள்.

அதன்பிறகு ரைட்டரின் பைக் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். சுகாதார நிலையத்தில் பார்த்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை. அங்கிருந்த நர்ஸம்மா என்னை உட்கார வைத்துப் பேசினார். மூளை பயந்து பயந்து ஒரு தடம் போட்டு வைத்திருக்கிறது, அவர் கத்தினால் அந்தத் தடத்திலேயே ஓடுகிறது, வேறு தடம் போடலாம், ஆனால் நாள் பிடிக்கும் என்றார். நாலு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விடச் சொன்னார். பயம் இல்லாத நேரத்தில் பழகு, பிறகு கொஞ்சம் பயத்தோடு பழகு என்றார்.

நிம்மதியாகத் தூங்குவதற்குத்தான் அவர் அதைச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு நிம்மதி வேண்டியிருக்கவில்லை. அந்த ஆளின் முன்னால் நின்று ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஒரு வாரம் வெறுமனே மூச்சு விட்டுப் பழகினேன். பிறகு, அவர் பறிக்கிறவர்களைத் திட்டிக்கொண்டு வந்த ஒரு நாள், இடுப்பில் கட்டியிருந்த சாக்குக்குள் போனை வைத்து அவர் குரலைப் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். பத்து நொடிகூடத் தாங்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அடுத்த நாள் மறுபடி. எட்டு எண்ணி மூச்சு, கால் இரண்டும் தரையில். சோறு வடிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் போனுக்குள் அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

"அந்தாளு தோட்டத்துல கத்துறது பத்தாதுன்னு ஊட்டுக்கும் கூட்டியாந்துட்டயா?" என்றார் என் வீட்டுக்காரர். நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் அந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்க, நான் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கவில்லை. அதைக் கவனித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி நீ மாட்டினாய் என்றுதான் நினைத்தேன்.

அவர் மாட்டுவதற்கு அடுத்த அறுவடை வரை காத்திருந்தேன். பறிப்பைச் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று, பச்சைக்காயையும் சேர்த்து உருவச் சொல்லியிருந்தார் ரைட்டர். சொல்லி வைத்தாற்போல் மறுநாளே முதலாளி வந்து மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். பாதிக்குப் பாதி பச்சை. ரைட்டர் என் பக்கம் திரும்பிக் கத்த ஆரம்பித்தார். போன வருஷம் வாய் திறக்காதவள்தானே என்ற தைரியம்.

நான் எட்டு எண்ணி மூச்சை விட்டேன்.

"ஏனுங்க ரைட்டரே, நேத்து காலைல எட்டு மணிக்கு, பழம் காயின்னு பாக்காம உருவுங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. இங்க நிக்கிற அத்தன பேரும் கேட்டாங்க. போன வருஷம் தார்ப்பாயத் தொடாதேன்னு சொன்னதும் நீங்கதானுங்க."

குரல் உயரவில்லை, ஒரு 'ங்க' கூடக் குறையவில்லை. முதலாளி மற்றப் பெண்களைப் பார்த்தார். ஒருத்தி தலையாட்டினாள், பிறகு இன்னொருத்தி. ரைட்டர் ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை வரவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. கையிலிருந்த நோட்டு ஆடியது. அவர் உடம்புக்குள் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று அங்கிருந்தவர்களில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் பார்வையை எடுக்காமல், பேசாமல் நின்றேன். அந்த அமைதி எவ்வளவு நீள முடியுமோ அவ்வளவு நீளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாதக் கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள். களம் மறுபடி என் கைக்கு வந்தது.

நர்ஸம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் கண்ணு. இனி அந்தாள மனசுலருந்து எறக்கி வச்சிரு" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இறக்கி வைக்கவில்லை. இப்போது அவர் வாழவந்திப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறார். சில நாள் காலையில் ஒரே பஸ்ஸில் போகிறோம். அவர் ஏறியதும் நான் திரும்பி, அவர் முகத்தையே பார்ப்பேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பும் வரை பார்ப்பேன்.